வீரர்கள் வந்து போகும் ஊரில் மற்றவர்களுக்கு என்ன வேலை?

பகடையும் பென்சிலுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திர விளையாட்டு (ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடும் குழுக்களை நடத்துகிறவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "ஆற்றங்கரை, சந்தை, கோயில் என்று ஊரைப் பார்த்துப் பார்த்துக் கட்டி வைக்கிறேன். வீரர்கள் வந்ததும் கடைக்காரரை மிரட்டுகிறார்கள். கேட்காமல் வீட்டுக்குள் புகுந்து பெட்டியைத் திறக்கிறார்கள். போன கிழமை ஒரு தோணிக்காரரைக் கொன்றே போட்டார்கள். இவர்களை எப்படித் திருத்துவது?"

திருத்த வேண்டியது ஆட்டக்காரர்களை அல்ல. வெளியில் நல்ல பிள்ளைகளாக இருப்பவர்கள்தான் மேசையில் இப்படி ஆடுகிறார்கள். நீங்கள் கட்டிய ஊரில் சாதாரண மனிதர்களுக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. விருப்பமில்லை, வேலையில்லை, மறுக்கும் வழியுமில்லை. அப்படிப்பட்டவர்களை ஆட்டக்காரர்கள் தளபாடமாகத்தான் பார்ப்பார்கள். இதைச் சரிசெய்ய விதிப்புத்தகத்தை மாற்றவோ குழுவைக் கலைக்கவோ தேவையில்லை.

காரணத்தின் ஒரு பகுதி விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளிக்கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. ஆகவே புத்தகத்தில் சண்டைக்குத்தான் இடம் அதிகம். 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஒரு சாதாரண ஊர்வாசிக்கு உயிர்ப்புள்ளி (அடி தாங்கும் அளவு) வெறும் 4. ஓரளவு வலுவுள்ள ஆரம்பநிலை வீரர் நீள்வாளால் வெட்டினால் எட்டுப் பக்கப் பகடையில் விழுவதோடு 3ஐக் கூட்டிக்கொள்வார். அதாவது, வெட்டு பட்டுவிட்டால் பகடையில் 1 விழுந்தாலும் ஆள் முடிந்தார். ஒரு மனிதரைப் பற்றிப் புத்தகம் தரும் முக்கியத் தகவல் அவர் எவ்வளவு எளிதில் சாவார் என்பதாக இருந்தால், ஆட்டக்காரர் வேறு எதைக் கவனிப்பார்?

கணினி விளையாட்டுப் பழக்கம் இன்னொரு காரணம். அங்கே ஊர்வாசி எத்தனை தடவை கேட்டாலும் அதே இரண்டு வசனத்தைச் சொல்வார், அவர் வீட்டுப் பானையை உடைத்தாலும் கோபிக்க மாட்டார். நம் கதைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாரதப் போரில் பதினெட்டு அக்குரோணிச் சேனை மடிந்தது என்று கூத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சேனைக்குச் சோறு பொங்கியவர் யார் என்று கேட்டு வளரவில்லை.

உங்கள் ஆட்டத்தில் இந்தக் குறை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆட்டக்காரர்கள் ஊர்வாசிகளின் பெயரைக் கேட்பதில்லை. கேட்டாலும் நீங்கள் அந்த நிமிடத்தில் எதையாவது சொல்லி, அடுத்த வாரம் மறந்துவிடுகிறீர்கள். ஒருவர் வாய் திறந்ததும் "என்ன தருவீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. கிழவர், வியாபாரி, பூசாரி மூவரும் ஒரே குரலில் ஒரே மரியாதையோடு பேசுகிறார்கள். வீரர்கள் ஒரு மாதம் காட்டில் அலைந்துவிட்டுத் திரும்பினாலும் ஊர் விட்ட இடத்திலேயே நிற்கிறது: யாரும் அறுவடை செய்யவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இவை எல்லாவற்றையும்விட நிச்சயமான அறிகுறி ஒன்று உண்டு. கடைசி மூன்று அமர்வுகளை (ஒரு தடவை உட்கார்ந்து ஆடும் ஆட்டம்) நினைத்துப் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஒரு சாதாரண மனிதர் வீரர்களிடம் "முடியாது" என்று சொல்லி, அது செல்லுபடியானதா? இல்லையென்றால் உங்கள் ஊரில் மனிதர்கள் இல்லை.

கண்டியில் இருக்கும் உங்களுக்கு இதற்கான மருந்து வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. கோபுரமும் பனியுமாக ஐரோப்பியக் கோட்டைகளைக் கற்பனை செய்வதற்கு முன்னால், கண்டி இராச்சியத்தின் பலன, கலகெதர கணவாய்கள் காவலில் இருந்த காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் வைக்கப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் அந்தக் காவலை விவரிக்கிறார். வழியை மறித்து முள்கதவு. காவலுக்கு ஊர்க்காரர்கள். கடந்து போகிறவர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும். படைவீரருக்குத் தோளில் ஈட்டியோடு நிற்கும் ஆள் அச்சு, சுமைகாரருக்குக் காவடித் தண்டின் இரு முனையிலும் மூட்டை தொங்கும் ஆள், வெள்ளைக்காரருக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியுமாக ஒரு ஆள். எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை அச்சு களிமண்ணில் இருக்க வேண்டும்.

எழுத்தறிவு இல்லாத காவலாளியும் பிழையில்லாமல் செய்யக்கூடிய வேலை இது: தலையை எண்ணு, அச்சை எண்ணு. இதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். வீரர்கள் நான்கு பேர், களிமண்ணில் மூன்று அச்சு. காவலில் இருப்பவர்களுக்கு உயிர்ப்புள்ளி நாலுதான். வெட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பொழுது விடிந்ததும் மாற்றுக் காவல் வரும், கதவு திறந்து கிடப்பதைப் பார்க்கும், அடுத்த கணவாய்க்கு ஆள் ஓடும். நான்காமவர் சுமைகாரராக வேடமிடலாம், காவலாளியின் சொந்தக்காரரைப் பிடிக்கலாம், விடியும்வரை கெஞ்சலாம், இரண்டு நாள் காட்டைச் சுற்றிப் போகலாம். ஒரு முள்கதவும் இரண்டு சாதாரண மனிதர்களும் இத்தனை வழியைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு பூதம் இவ்வளவு தராது.

நொக்ஸின் வாழ்க்கையே ஒரு நல்ல பாடம். அவர் சண்டை போட்டுத் தப்பவில்லை. தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு நெல் வாங்கினார். சில்லறைச் சாமான் விற்கும் நடைவியாபாரியாக ஊர் ஊராகப் போய், பாதையும் பேச்சும் பழகிக்கொண்டார். கடைசியில் தன் தோழர் ஸ்டீபன் ரட்லண்டோடு அதே வியாபாரி வேடத்தில் வடக்கே நடந்து, அநுராதபுரம் தாண்டி, ஆற்றோரமாக மன்னார்ப் பக்கத்து அரிப்பை அடைந்தார். வழியில் மடக்கிக் கேட்டபோது காய்ந்த மானிறைச்சி வாங்க வந்தோம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். வியாபாரியாக வாழ்ந்த பழக்கம் இல்லாவிட்டால் அந்தப் பொய் நின்றிருக்காது. உங்கள் ஆட்டக்காரர்களும் ஊரோடு பழகிச் சம்பாதித்ததை இப்படிப் பின்னால் பயன்படுத்த வழி வையுங்கள். எந்தச் சந்தையில் எதற்குக் கிராக்கி என்று தெரிந்த வீரருக்கு, வாள் வீச்சில் தேர்ந்தவருக்குக் கிடைப்பதைப் போன்ற அனுகூலம் கிடைக்கட்டும்.

இனி 1803. பிரித்தானியப் படை பெப்ரவரியில் கண்டி நகருக்குள் நுழைந்தபோது அரசனும் இல்லை, ஊரும் இல்லை. மக்கள் வெளியேறியிருந்தார்கள். நகரின் பகுதிகள் எரிந்துகொண்டிருந்தன. படை முத்துசாமி என்பவரை அரியணையில் உட்கார வைத்தது. அவரை அரசராக ஏற்க மக்கள் வரவில்லை. பெரும்படை கொழும்புக்கும் திருகோணமலைக்கும் திரும்ப, மேஜர் டேவியின் கீழ் விடப்பட்ட காவற்படையைக் காய்ச்சலும் பட்டினியும் தின்றன. ஜூன் மாதம் சரணடைந்து வெளியேறியவர்கள் மகாவலிக் கரைவரை போனார்கள். ஆறு பெருகியிருந்தது, கடக்க வழியில்லை. இன்றைய வட்டப்புளுவவில் அவர்கள் கதை முடிந்தது. துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்தவர்களுக்கு அரிசியும் சுமைகாரரும் ஆற்றைக் கடத்திவிடுகிறவரும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. தோணிக்காரரைக் கொன்ற வீரர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.

ஆக, சிகிச்சையின் மையம் ஒரே கேள்வி. நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு சாதாரண மனிதரைப் பற்றியும் கேளுங்கள்: இவர் கையை மடக்கிக்கொண்டால் எது நின்றுபோகும்? மலைநாட்டு இராச்சியத்தில் உப்பு விளையாது. கரையோரத்திலிருந்து தவளம் (பொதிமாட்டு வரிசை) ஏறி வர வேண்டும். மாட்டுக்காரர் ஒரு மாதம் வராவிட்டால் அரண்மனைச் சமையலிலும் உப்பில்லை. மன்னருக்குச் செய்யும் ஊழியத்துக்கு (இராஜகாரியம்) ஈடாக நிலம் அனுபவித்த குடும்பங்கள் பாதை வெட்டின, சுமை தூக்கின, காவல் நின்றன. 1807 அளவில் கண்டி வாவியை வெட்டியதும் அப்படித் திரட்டிய உழைப்புத்தான். உங்கள் கதையில் வாவியைக் கட்டிய மன்னரைக் காட்டுங்கள், தவறில்லை. நாற்று நடும் காலத்தில் மண் சுமக்க அழைக்கப்பட்டவரின் வயல் என்ன ஆயிற்று என்பதையும் ஒரு காட்சியிலாவது வையுங்கள்.

காலத்தை இன்னும் கிட்டே கொண்டுவர விரும்பினால் தோட்டம் இருக்கிறது. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பிருந்தே கோப்பித் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள் நம் முன்னோர். அந்த உலகில் அதிகாரம் வாளில் இல்லை. பெரட்டில் (காலையில் ஆளெடுக்கும் இடம்) பேர் கூப்பிடும் கங்காணி, அரைப்பேரா முழுப்பேரா (அரைநாள் கூலியா முழுநாள் கூலியா) என்று எழுதும் கணக்கப்பிள்ளை, துரை, இவர்களிடம் இருந்தது. 1921 வரை துண்டு (கடன் கணக்கோடு ஆளை விடுவிக்கும் சீட்டு) முறை நடந்தது. உங்கள் வீரர் சிறுத்தையைக் கையாலேயே அடித்துக் கொன்றவராக இருக்கட்டும், துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய என்ன செய்வார்? லயத்தில் யாருக்கு யார் உறவு என்று தெரிந்த கிழவி ஒருத்தி அந்தக் கதையில் மந்திரவாதியைவிட உதவுவாள்.

கேள்வி பிடிபட்ட பிறகு கொஞ்சம் விதி வேலை. பழைய விதிகளில் நல்ல கருவிகள் இருந்தன, நாம்தான் மறந்துவிட்டோம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 1981 அடிப்படைப் பதிப்பில் 'எதிர்வினை உருட்டல்' உண்டு. புதியவர்களைச் சந்திக்கும்போது இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டுவது. 2 விழுந்தால் உடனே தாக்குவார்கள், 12 விழுந்தால் உளமார வரவேற்பார்கள். 36 வாய்ப்புகளில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான். 6 முதல் 8 வரை விழுவதற்கு 16 வாய்ப்புகள், அதன் பலன் தயக்கம். பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகளில் எதிரே நிற்பவர் "இவர்கள் யாரோ, எதற்கு வந்தார்களோ" என்று யோசிப்பார். வாளோடு வரும் அந்நியரைப் பார்த்தால் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். எல்லா ஊர்வாசியும் கைகூப்பி நிற்கும் பழக்கத்தை இந்த ஒரு உருட்டல் முறித்துவிடும்.

அதே பதிப்பில் கூலிக்கு உடன் வருபவர்களுக்கு விசுவாச அளவு உண்டு. வீரரின் வசீகரம் (பிறரைக் கவரும் திறன்) சராசரியாக இருந்தால் நான்கு பேர்வரை சேர்க்கலாம், அவர்களின் விசுவாசம் 7. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். 7ஐத் தாண்டினால் அடுத்த பயணத்துக்கு வரமாட்டார்கள். சுமைகாரரைப் பொறி இருக்கும் இடத்தில் முன்னால் தள்ளிவிட்ட வீரருக்கு நீங்கள் அந்த 7ஐ 5 ஆக்கிவிடுங்கள். பேச்சில்லாமல் பாடம் நடக்கும்.

எழுதி வைக்கவும் வேண்டும், ஆனால் அளவோடு. ஊருக்கு ஐம்பது பாத்திரம் எழுதுகிறவர்கள் மூன்றாவது அமர்வில் களைத்துப்போவார்கள். மூன்று பேர் போதும். பெயர், தொழில், இந்த வாரம் அவருக்கு ஆக வேண்டிய காரியம், அவர் ஒருபோதும் செய்ய மாட்டாத ஒன்று: ஆளுக்கு நான்கு வரி. மற்றவர்கள் இவர்களுக்கு உறவாகவோ கடன்காரராகவோ வந்துகொள்வார்கள். குரலுக்கு நாடகப் பயிற்சி தேவையில்லை. யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதை மாற்றினாலே போதும். கங்காணி 'டேய்' என்பார், கடைக்கார முதலாளி 'தம்பி' என்பார், கிழவி 'மகன்' என்பாள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒரே ஆள்தான் காவலாளி, தூதன், வேலைக்காரன் என்று மாறி மாறி வருகிறார். அரசன் செந்தமிழில் முழங்கும்போது இவர் கொச்சையில் குறுக்கிட்டுக் கேட்பார். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு அவரைவிட நல்ல ஆசான் இல்லை.

குறுக்குவழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் கேட்ட இடத்திலெல்லாம் அவற்றைத்தான் சொல்வார்கள். முதலாவது, கடைக்காரரை 'ஓய்வுபெற்ற மாவீரர்' ஆக்கி, மிரட்டுகிறவரை அடித்து நொறுக்க வைப்பது. இதனால் ஆட்டக்காரர் கற்றுக்கொள்வது ஒன்றே: பலசாலிக்கு மட்டும் மரியாதை. நோயையே மருந்தாகக் கொடுக்கிறீர்கள். இரண்டாவது, வீரரின் அம்மாவையோ தங்கையையோ கொன்று அவருக்குக் 'காரணம்' உண்டாக்குவது. இரண்டு தடவை இப்படிச் செய்தால் அடுத்த பாத்திரங்கள் எல்லாம் அநாதைகளாகவே வரும், ஊரில் வேர் விட யாரும் துணிய மாட்டார்கள். மூன்றாவது, குற்றம் நடந்ததும் எங்கிருந்தோ வெல்லவே முடியாத காவற்படையை இறக்குவது. அது தண்டனையாகத் தெரியுமே தவிர, ஊராகத் தெரியாது.

ஆட்டக்காரர் ஒரு அப்பாவியைக் கொன்றுவிட்டால் பதற வேண்டாம், ஆட்டத்தை நிறுத்திப் பிரசங்கம் செய்யவும் வேண்டாம். பகடை உருளுவதற்கு முன்பே ஒரு தடவை அமைதியாகக் கேளுங்கள்: "இவர் கைகளைத் தூக்கிவிட்டார். வெட்டுகிறீர்களா?" பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் நிலைமை அவர்களுக்குச் சரியாகப் புரிந்திருக்காது. நிறுத்தாவிட்டால் நடக்கட்டும். பிறகு விளைவை மெதுவாக வரவிடுங்கள். அடுத்த துறையில் தோணி இல்லை. சந்தையில் அரிசி விலை அவர்களுக்கு மட்டும் இரட்டிப்பு. பிள்ளைகள் அவர்களைக் கண்டதும் உள்ளே ஓடுகிறார்கள். கொல்லப்பட்டவரின் தம்பி பழிவாங்க வாளெடுக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நின்று, அண்ணன் பட்டிருந்த கடனை யார் அடைப்பது என்று கேட்டாலே போதும். அமர்வு முடிந்தபின், பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, அந்த ஆட்டக்காரரிடம் தனியாக "எப்படிப்பட்ட கதை ஆட உங்களுக்கு விருப்பம்?" என்று கேளுங்கள். அப்பாவிகளை வதைப்பதுதான் பிடிக்கிறது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் அது ஊர்வாசிகளை எழுதித் தீர்க்கக்கூடிய சிக்கலல்ல. அவருக்கு வேறு குழு பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

இங்கே ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஆயுதமேந்திய கூட்டம் ஊருக்குள் வருவது, கடை எரிவது, பக்கத்து வீட்டார் ஒளித்து வைத்துக் காப்பாற்றுவது எல்லாம் எங்கோ ஒரு கற்பனை நாட்டில் நடக்கும் காட்சிகள் அல்ல. 1983 கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் மேசையிலேயே இருக்கலாம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது சிறுவர்களாக இருந்தவர்களும் இருக்கலாம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எது வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த எக்ஸ் அட்டையையும் (குறுக்குக்கோடு போட்ட ஒரு துண்டு அட்டை, தொட்டால் காட்சி உடனே மாறும், காரணம் கேட்கக்கூடாது) மேசை நடுவில் வையுங்கள். இது கதையை மெலிய வைக்கும் என்று பயப்பட வேண்டாம். எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்த குழு இன்னும் துணிந்து ஆடும்.

இவ்வளவும் செய்தும் அசையாத குழுவென்றால், ஒரே ஒரு அமர்வுக்குப் பாத்திரங்களை மாற்றிவிடுங்கள். இது புதுமையல்ல. 1981இன் 'கால் ஆஃப் துலூ'வில் ஆட்டக்காரர்கள் நூலகரும் வைத்தியருமாகத்தான் வருகிறார்கள். 1986இன் 'வார்ஹாமர்' பாத்திர விளையாட்டில் எலி பிடிப்பது ஒரு தொழில். 2012இல் வந்த 'டஞ்சன் க்ரோல் கிளாசிக்ஸ்' ஆளுக்கு இரண்டு முதல் நான்கு குடியானவர்களைக் கொடுத்து, பிழைத்து வருகிறவரை மட்டும் வீரராக ஏற்கச் சொல்கிறது.

உங்களுக்குக் கணவாயே போதும். ஆட்டக்காரர்கள் நால்வரும் ஒரு ஊரிலிருந்து ஊழியத்துக்கு வந்த காவலாளிகள். ஆளுக்கு 4 உயிர்ப்புள்ளி, ஒரு ஈட்டி, பொதுவில் ஒரு பந்தம். ஒருவரின் மனைவிக்கு இன்றோ நாளையோ பிரசவம். ஒருவர் வயலில் பன்றி இறங்குகிறது. ஒருவருக்கு இன்றிரவு காவல் முறையே இல்லை, அண்ணனுக்காக நிற்கிறார். நான்காமவர் போன மாதம் காசு வாங்கிக்கொண்டு ஒருவரை விட்டுவிட்டார், மற்றவர்களுக்குத் தெரியாது. மழை. நள்ளிரவில் கவசம் பூண்ட நான்கு அந்நியர் முள்கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்கள் போன அமர்வில் இவர்களே ஆடிய வீரர்கள்தான். குணத்தை மாற்றாமல் அப்படியே நீங்கள் ஆட வேண்டும். களிமண்ணை நீட்டுகிறார்கள். அதில் மூன்று அச்சு. "கதவைத் திற" என்று அதட்டுங்கள், பிறகு நீங்கள் எதுவும் சொல்லாமல் ஆட்டக்காரர்களைப் பேச விடுங்கள்.